தலைப்பிரட்டையின் வாலும் ஒரு கேன்சர் மருந்தும்

இன்னிக்கு கதை 1962-ல, பாஸ்டன்ல ஆரம்பிக்குது. ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியேர் என்ற இருவருக்கும் ஒரு கேள்வி: தலைப்பிரட்டை தவளையாகும்போது அதோட வால் எங்கே போகுது? அறுந்து விழறதில்லை, கரைஞ்சு போகுது. வால்ல இருக்கிற கொலாஜன் கயிறு மாதிரி உறுதியான புரதம். அதை வெட்டுற ஒரு நொதியை அவங்க அந்த வாலிலேயே கண்டுபிடிச்சாங்க. இப்போ அந்த நொதிக் குடும்பத்துக்குப் பேர் எம்எம்பி.

அதே காலத்தில் இங்கிலாந்தின் பாப்ரஹாமில், அலெக் பாங்கம் ஒருவகைக் கொழுப்பைத் தண்ணீரில் கலந்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கொழுப்பு தானாகவே குட்டிக் குட்டி உருண்டைகளாக மூடிக்கொண்டிருந்தது. 1964-ல் ராபர்ட் ஹார்னுடன் சேர்ந்து படங்களை வெளியிட்டார். அதுதான் லிபோசோம். உள்ளே மருந்தை வெச்சு அனுப்பலாமேங்கிற யோசனை எழுபதுகளில் சூடு பிடிச்சது.

ஆனா உடம்பு விடலை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருக்கிற செல்கள் லிபோசோம்களை வேகமாக விழுங்கிவிட்டன. அதனால 1990 வாக்கில் மேலே ஒரு பாலிமர் கோட் போட்டாங்க. பெயர் பெக், அதாவது பாலிஎத்திலீன் கிளைக்கால். சுத்தித் தண்ணீரைப் பிடிச்சு வெச்சுக்கிற மெல்லிய இழைகள். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கின டாக்ஸில் இப்படிப்பட்டதுதான். உள்ளே டாக்ஸோரூபிசின், தனியாகக் கொடுத்தால் இதயத்தைப் பதம் பார்க்கிற மருந்து. கோட் இருந்ததால் அது நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றியது.

என்னைக் கேட்டா, கதை இங்கேதான் சுவாரசியமாகுது. கல்லீரலை ஏமாற்றின அதே கோட், கேன்சர் செல்லையும் கிட்ட நெருங்க விடாது! மழைக்குப் போட்ட ரெயின்கோட்டை வீட்டுக்குள்ள வந்தும் கழற்ற முடியலைன்னா எப்படி? 'பெக் சிக்கல்'னே இதுக்குப் பேர் வெச்சுட்டாங்க.

யார் கழற்றுவது? கட்டிக்கிட்டயே விட்டுடலாம். பரவுவதற்காகச் சுற்றியுள்ள கொலாஜனை வெட்ட, பல கட்டிகள் எம்எம்பி நொதிகளை அதிகமாகச் சுரக்கின்றன. ஆமாம், தலைப்பிரட்டை வால் குடும்பமேதான். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஹராஷிமாவின் குழு, பெக்குக்கும் கொழுப்புக்கும் நடுவில் அந்த நொதி வெட்டக்கூடிய ஒரு சின்ன பெப்டைடை வைத்துத் தைத்தது. கட்டி பக்கத்தில் போனதும் நொதி பெப்டைடை வெட்டும். கோட் கழன்று விழும்.

கேட்க அழகா இருக்கு. ஆனா இந்தக் கத்தரிக்கோல் கட்டியில் மட்டும் இல்லை. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணிலும், வீங்கிய மூட்டிலும் அது உண்டு. அதோட எல்லார் கட்டியிலும் ஒரே அளவு இருப்பதில்லை. ஒருத்தருக்குச் சரியான இடத்தில் கழறுகிற கோட், இன்னொருத்தருக்குக் கழறாமலே போகலாம்.