சர்வர்களும் டாக்சி ஓட்டுநர்களும்: ஹாங்காங் பாதுகாப்புச் சட்டமும் மக்கள் கருத்தும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு ஹாங்காங்கைப் பொருளாக எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கைதுகளையும் சிறையையும் பேசுகிறோம். 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளன்று ஆனந்த் டெல்டும்டே சரணடைந்து கைதானதை மறந்தவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். ஆனால் இத்தகைய சட்டங்களுக்கு முன்னும் பின்னும் ‘மக்கள் கருத்து’ என்ற ஒன்று இருக்கிறது. அதை யார் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், எப்படி எண்ணினார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை ஒரே நகரத்தில், இருபதாண்டு இடைவெளியில், இரண்டு முறை பார்க்கக் கிடைக்கும் இடம் ஹாங்காங்.

1997இல் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறிய அந்நகரத்துக்கு ‘அடிப்படைச் சட்டம்’ என்ற ஓர் அரசமைப்பு இருக்கிறது. தேசத்துரோகம், பிரிவினை, கிளர்ச்சித் தூண்டல் போன்றவற்றைத் தடுக்க நகரமே ஒரு சட்டம் இயற்றிக்கொள்ள வேண்டும் என்று அதன் 23ஆவது பிரிவு சொல்கிறது. 2002 செப்டம்பரில் அதற்கான யோசனைகளை மட்டும் ஓர் ஆவணமாக அரசு வெளியிட்டது. முழு வரைவையும் மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேளுங்கள் என்ற கோரிக்கை எழுந்தது. பாதுகாப்புத் துறைச் செயலாளராக இருந்த ரெஜினா இப் அதற்குச் சொன்ன பதில் இன்றும் அந்நகரத்தில் நினைவுகூரப்படுகிறது. டாக்சி ஓட்டுநரும் ஓட்டல் சர்வரும் மெக்டொனால்ட்ஸ் கடைப் பணியாளரும் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு பிரிவு பிரிவாக என்னுடன் விவாதிக்கவா போகிறார்கள் என்ற பொருளில் அவர் கேட்டார்.

இந்தக் குரல் நமக்குப் புதியதா? கையால் உழைப்பவருக்குச் சட்டம் புரியாது, புரியாதவருக்குக் கருத்து இருக்க முடியாது, இருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. மூன்று படிகளில் இறங்கும் இந்தத் தர்க்கத்தை நம் ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் கேட்டிருக்கிறோம், நாடாளுமன்ற விவாதங்களிலும் கேட்டிருக்கிறோம்.

கருத்துக் கேட்பு மூன்று மாதம் நடந்தது. 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. அவற்றிலிருந்த கையெழுத்துகள் 3 லட்சத்தைத் தாண்டின. அரசு அவற்றைத் தொகுத்து வெளியிட்டபோது ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்ற இரண்டோடு ‘நிலைப்பாடு தெளிவில்லை’ என்று மூன்றாவதாக ஒரு பெட்டியையும் வைத்தது. தெளிவாக எதிர்த்து எழுதியவற்றையும் அந்தப் பெட்டியில் போட்டுவிட்டார்கள் என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. எண்ணுவதும் அதிகாரம்தான் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1932இல் லோத்தியன் வாக்குரிமைக் குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்தபோது, தீண்டப்படாதோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஐக்கிய மாகாணத்திலும் பஞ்சாபிலும் வங்காளத்திலும் எண்ணிக்கையைச் சுருக்கிக் காட்டினார்கள். அப்படிப்பட்டவர்களே இங்கில்லை என்றும் சொன்னார்கள். எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் பிரதிநிதித்துவம் என்பது தெரிந்த பிறகே இந்தச் சுருக்கம் வந்தது என்பதை அம்பேத்கர் விரிவாக எழுதியிருக்கிறார்.

2003 ஜூலை 1. சார்ஸ் நோய் 299 பேரைப் பலிகொண்டு ஓய்ந்திருந்த நேரம். வேலையின்மை 8 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. கொளுத்தும் வெயிலில் 5 லட்சம் பேர் தெருவில் இறங்கினார்கள். ஐந்து நாள் கழித்து, அரசோடு ஒட்டியிருந்த லிபரல் கட்சியின் தலைவர் ஜேம்ஸ் டியன் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். முதலாளிகளின் கட்சி அது. அதன் வாக்குகள் இல்லாமல் சட்டம் நிறைவேறாது. ரெஜினா இப் அம்மாதமே பதவி விலகினார். செப்டம்பரில் வரைவே திரும்பப் பெறப்பட்டது. பிரிவுகளைப் படிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டவர்கள் படித்துவிட்டார்கள். ஆனால் சட்டமன்றத்தில் அவர்களுக்கு அப்போதும் பெரும்பான்மை கிடையாது. தெருவைப் பார்த்து ஒரு வணிகர் கட்சி கணக்குப் போட்டதால்தான் சட்டம் நின்றது. இந்த வெற்றியின் பலவீனம் அங்கேயே இருந்தது என்பது என் கருத்து.

2019இன் கதை உங்களுக்கு ஓரளவு தெரியும். குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனப் பெருநிலத்துக்கு ஒப்படைக்க வழிசெய்யும் வரைவை எதிர்த்து ஜூன் 9 அன்று பேரணி. 10 லட்சம் பேர் என்றார்கள் அமைப்பாளர்கள்; 2 லட்சத்து 40 ஆயிரம் என்றது காவல்துறை. ஒரு வாரத்தில் இன்னும் பெரிய பேரணி. பிறகு மாதக்கணக்கில் கண்ணீர்ப்புகை, பெட்ரோல் குண்டு, உடைக்கப்பட்ட கடைகள், பல ஆயிரம் கைதுகள். நவம்பர் 24 அன்று நடந்த மாவட்ட மன்றத் தேர்தலில் 71 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப்பதிவு. 29 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். 18 மன்றங்களில் 17 ஜனநாயகத் தரப்பின் கைக்கு வந்தன.

பெய்ஜிங் இதைக் கவனித்தது. 2020 மே 28 அன்று சீன தேசிய மக்கள் பேரவை, ஹாங்காங் சட்டமன்றத்தைத் தாண்டித் தானே பாதுகாப்புச் சட்டம் இயற்றும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 2878, எதிர்ப்பு 1. அதே நாட்களில் ஹாங்காங்கில் சட்டத்துக்கு ஆதரவாக ஒரு கையெழுத்து இயக்கம் நடந்தது. எட்டே நாளில் 29 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்ததாக அறிவித்தார்கள். தேர்தலில் வாக்களித்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழச் சமம். இந்த ஒற்றுமை தற்செயலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தெருவுக்கும் வாக்குப்பெட்டிக்கும் பதிலாக வைக்க ஒரு பெரிய எண் தேவைப்பட்டது என்பது தெளிவு.

கையெழுத்துப் போட்டவர்கள் எதற்குப் போட்டார்கள்? சட்டத்தின் வாசகம் அப்போது வெளியாகவே இல்லை. நகரத்தின் தலைமை நிர்வாகி கேரி லாமே ஜூன் மாதத்தில், முழு விவரத்தைத் தான் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஜூன் 30 இரவு 11 மணிக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அதன் 66 பிரிவுகளையும் மக்கள் பார்த்தார்கள். 2002இல் சர்வருக்குப் பிரிவுகள் புரியாது என்றார்கள். 2020இல் யாருக்குமே காட்டவில்லை.

அந்த ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்காக ஹாங்காங் பொதுக்கருத்து ஆய்வு நிறுவனம் ஒரு கணிப்பு நடத்தியது. சட்டத்தை எதிர்த்தவர்கள் 57 விழுக்காடு, ஆதரித்தவர்கள் 34. போராட்ட ஆதரவாளர்கள் இதில் முதல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். மற்றவற்றையும் பார்க்க வேண்டும். போராட்டங்களுக்கான ஆதரவு மார்ச்சில் 58 ஆக இருந்தது, 51 ஆகக் குறைந்திருந்தது. தனி நாடு கேட்பதை 60 விழுக்காட்டினர் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். ஆகஸ்டில் எடுத்த அடுத்த கணிப்பில் போராட்டங்களுக்கான ஆதரவு இன்னும் சரிந்தது, ஆனால் சட்டத்துக்கான எதிர்ப்பு ஏறக்குறைய 60ஐத் தொட்டது.

போராட்டத்தில் களைத்துப்போன மக்கள் சட்டத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்பது அரசுகளின் பழைய நம்பிக்கை. அந்தக் களைப்பு உண்மை. மெட்ரோ ஓடாத நாட்களில் தினக்கூலி இழந்தவரும், கடைக் கண்ணாடி உடைந்தவரும் அந்த 34 விழுக்காட்டில் இருந்திருப்பார்கள். அவர்களை ‘பெய்ஜிங்கின் கைக்கூலிகள்’ என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். ஆனால் போராட்டத்தில் களைப்பதும் சட்டத்துக்குச் சம்மதிப்பதும் வேறு வேறு என்பதை அந்நகர மக்கள் பிரித்தே சொன்னார்கள். இரண்டையும் தனித்தனிக் கேள்வியாகக் கேட்க ஆள் இருந்ததால்தான் நமக்கு இது தெரிகிறது.

அந்தக் கணிப்புக்கும் ஒரு வேலி இருந்தது. கான்டனீஸ் பேசும், 18 வயது நிறைந்த குடியிருப்போரிடம்தான் கேட்டார்கள். பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து அந்நகரத்தின் வீடுகளில் சமைத்து, துடைத்து, முதியோரைக் குளிப்பாட்டும் தொழிலாளர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். எத்தனை ஆண்டு உழைத்தாலும் அவர்களுக்கு நிரந்தரக் குடியுரிமை கிடையாது என்று 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்கு இல்லை, கணிப்பிலும் பெரும்பாலும் இடமில்லை. அவர்களில் ஒருவரான யூலி ரிஸ்வதி எழுத்தாளர். தன் நாட்டுத் தொழிலாளர்களுக்காக இந்தோனேசிய மொழியில் போராட்டச் செய்திகளை எழுதினார். விசாவைப் புதுப்பிக்கவில்லை என்று பிடித்து, 28 நாள் காவலில் வைத்து, 2019 டிசம்பரில் நாடுகடத்தினார்கள். பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு ஏழு மாதம் முன்பே இது நடந்தது. விளிம்பில் இருப்பவரை அனுப்பத் தனிச் சட்டம் தேவைப்படுவதில்லை.

கணிப்பு நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் சுங், ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவர். 2000ஆம் ஆண்டிலேயே, தன் கணிப்புகளை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்ததாக அவர் வெளிப்படையாகச் சொல்ல, விசாரணை நடந்து பல்கலைக்கழகத் துணைவேந்தரே பதவி விலகினார். கருத்துக் கணிப்பாளரைத் தொட்டால் துணைவேந்தர் பதவி போகும் காலம் அது.

2020 ஜூலை 10 அன்று, சட்டம் வந்த பத்தாவது நாள், அவருடைய அலுவலகத்தைக் காவல்துறை சோதனையிட்டது. மறுநாள் ஜனநாயகத் தரப்பு தன் வேட்பாளர்களை மக்கள் வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. அதை நடத்த உதவியது இந்த நிறுவனம். இரண்டு நாளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அந்த வாக்கெடுப்பே குற்றமானது. 47 பேர் மீது வழக்கு. 45 பேருக்கு 2024 நவம்பரில் 10 ஆண்டு வரை சிறை. தொழிற்சங்கத் தலைவர்களும் அவர்களில் உண்டு. சட்டத்தின் கீழ் முதலில் தண்டிக்கப்பட்டவர் யார் தெரியுமா? 24 வயது இளைஞர். சட்டம் வந்த மறுநாள், போராட்ட முழக்கம் எழுதிய கொடியோடு மோட்டார் சைக்கிளில் போய்க் காவலர்கள் மீது மோதினார் என்று 9 ஆண்டு கொடுத்தார்கள். அவர் ஒரு முன்னாள் ஓட்டல் சர்வர்.

அதன் பிறகு நடந்தவை வேகமானவை. 2021இல் தேர்தல் விதிகள் மாற்றப்பட்டு ‘தேசபக்தர்கள்’ மட்டுமே நிற்கலாம் என்றானது. வெற்று வாக்குச்சீட்டுப் போடச் சொல்லித் தூண்டுவது குற்றமானது. அந்த டிசம்பரில் வாக்களித்தவர்கள் 30 விழுக்காடு. 2016இல் அது 58. காலனி ஆட்சி விட்டுப்போன ராஜதுரோகச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்து, ஆடுகளையும் ஓநாய்களையும் வைத்துக் குழந்தைகளுக்குப் படக்கதை வெளியிட்ட ஐந்து பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு 19 மாதச் சிறை விதித்தார்கள். நம் 124அ பிரிவைப் பெற்ற அதே பிரிட்டிஷ் சட்டப் பரம்பரையின் பிள்ளைதான் அதுவும்.

2024 ஜனவரி 30 அன்று 23ஆவது பிரிவுச் சட்டத்துக்கு மீண்டும் கருத்துக் கேட்டார்கள். இந்த முறை மூன்று மாதம் இல்லை, நான்கு வாரம். வந்தவை 13 ஆயிரத்துக்கும் சற்று அதிகம். 98 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவு என்று அரசு அறிவித்தது. எதிர்ப்பு நூற்றுக்கும் குறைவு; அதிலும் சில வெளிநாட்டு அமைப்புகளும் தப்பியோடியவர்களும் அனுப்பியவை என்றார்கள். ‘நிலைப்பாடு தெளிவில்லை’ என்ற பெட்டிக்கு இப்போது வேலையே இல்லை. மார்ச் 19 அன்று ஓர் எதிர்ப்பு வாக்குமின்றிச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் ராஜதுரோகத்துக்காக முதலில் தண்டிக்கப்பட்டவர், முழக்கம் அச்சிட்ட டி-ஷர்ட் அணிந்திருந்தவர். 14 மாதம்.

பொதுக்கருத்து ஆய்வு நிறுவனம் இதற்குள் ஒவ்வொரு கேள்வியாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது. தியானன்மென் படுகொலையைப் பற்றிய வருடாந்திரக் கேள்வி 2023இல் நின்றது. பிரிட்டனுக்குப் போய்விட்ட அதன் முன்னாள் துணைத் தலைவர் தலைக்கு 2024 டிசம்பரில் 10 லட்சம் ஹாங்காங் டாலர் பரிசு அறிவித்தார்கள். அடுத்த மாதம் ராபர்ட் சுங்கை விசாரித்தார்கள். 2025 பிப்ரவரியில், சொந்தச் செலவில் நடத்திவந்த எல்லாக் கணிப்புகளையும் நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது.