பொற்சிலுவையும் ஆலைத் தொழிலாளரும்

1896 ஜூலை 9 அன்று சிகாகோவில் கூடிய அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டில், பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன், பொன்னை மட்டுமே நாணய அளவாகக் கொள்வதை மனுக்குலத்தைச் சிலுவையில் அறைவதற்கு ஒப்பிட்டார். மறுநாள் அவரே அதிபர் வேட்பாளரானார், வயது 36. விளைபொருள் விலை வீழ்ந்து கடனில் அமிழ்ந்திருந்த விவசாயிகள், வெள்ளி நாணயம் பெருகினால் விலை உயரும், கடன்பாரம் குறையும் என்று நம்பினர். ஆலைத் தொழிலாளரோ ரொட்டியை விலைக்கு வாங்குகிறவர்கள். விலை உயர்ந்தால் கூலியும் உடனே உயருமோ? 1893இல் தொடங்கிய நெருக்கடியில் வேலையிழந்து தவித்தவர்களுக்கு, குடியரசுக் கட்சியின் மக்கின்லி இறக்குமதித் தீர்வையால் ஆலைகளைக் காப்பதாக வாக்களித்தார். முதலாளிகளின் மிரட்டலும் இருந்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தோல்விக்கு அதையே முழுக் காரணமாகக் கூறுவது தொழிலாளரின் விவேகத்தைக் குறைத்து மதிப்பதாகும். பிரயனின் வேதாகம மொழி ஆலை நகரங்களுக்கும் பழக்கமானதே. எனினும் வடகிழக்கு மாநிலங்களில் ஒன்றையும் அவர் வெல்லவில்லை; தேர்வாளர் வாக்குகளில் மக்கின்லி 271, பிரயன் 176.