உப்பில்லாக் கீரையும் சாத்திய கதவும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போதெல்லாம் எனக்குச் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வரும். அதிலுள்ள எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. வழிப்போக்கருக்கு நுளையர் பெண் வடித்த தேறலும் சுட்ட மீனும் கிடைத்த ஊர். அதே பாட்டில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள்: பசியில் இடை ஒடுங்கிய கிணைமகள். குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்ப்பார்களே என்று நாணிக் கதவைச் சாத்திச் சுற்றத்தோடு உண்கிறாள்.

உளவள ஆலோசகராக நான் தவறியதும் சாத்திய கதவு ஒன்றின் முன்புதான். உப்பளத்தில் கூடை சுமக்கும் தாயின் மகள், கல்லூரி மாணவி, மெலிந்துகொண்டே வந்தாள். கேட்டால் "விரதம்" என்பாள். நான் வறுமை என்றே நினைத்துச் சத்துணவு பற்றிப் பேசினேன். சாப்பிட்டதும் குளியலறையைத் தாழிட்டு வாந்தியெடுக்கிறாள் என்பது, அவள் மயங்கி விழுந்து, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருப்பது தெரிந்த பிறகே எனக்குப் புரிந்தது.

எனக்குக் கேட்கத் தோன்றாததற்கு ஒரு வரலாறு உண்டு. 1873இல் லண்டனில் வில்லியம் கல்லும் பாரிஸில் சார்ல் லாசேக்கும் இந்நோயைத் தனித்தனியே விவரித்தார்கள். வசதியான வீட்டுப் பெண்களின் நோய், குண்டாகிவிடுவோமோ என்று அஞ்சுவோரின் நோய் என்ற படிமம் பின்னர் நிலைத்தது. 1995இல் கண்டேல்வால், சரண், சக்சேனா ஆகிய இந்திய மனநல மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். உண்ண மறுப்பு, வாந்தி, மெலிவு, நின்றுபோன மாதவிடாய் எல்லாம் இருந்தன. குண்டாவது பற்றிய அச்சம் இல்லை. என்னிடம் வந்தவளும் "சோறு உள்ள இறங்கல மேடம்" என்றுதான் சொன்னாள்.

ஆகவே சிகிச்சையாளருக்கு முதலில் வேண்டிய திறன், பசி, விரதம், நோய் மூன்றையும் பிரித்தறியக் கேட்பது. விரதம் முடிந்தபின் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதா? சாப்பிட்டபின் என்ன செய்கிறாய்? வெட்கப்படுத்தாமல் கேட்க வேண்டும். இரண்டாவது, பேச்சை மட்டும் நம்பாதிருப்பது: வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும், மருத்துவர் உடனிருக்க வேண்டும். மூன்றாவது, தாயைக் குற்றவாளி ஆக்காதிருப்பது. உறவினர்களைக் கவனிப்புக்கு ஆகாதவர்கள் என்று கல் ஒதுக்கினார். 1987இல் வெளியான லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை ஆய்வோ, நோய் தொடங்கி அதிக காலம் ஆகாத இளவயதினருக்குக் குடும்பத்தோடு செய்யும் சிகிச்சை கூடுதல் பலன் தந்ததைக் காட்டியது.

அந்த அம்மாவை அழைத்தேன். "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்றார். தப்பு என்னுடையது என்றேன். அடுத்த வாரம் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தார். மகள் கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்திவிட்டு நானும் அவர்களோடு உட்கார்ந்தேன்.