வாக்கற்றோர் கண்ட தேர்தல்: கண்டிப் பெருந்தோட்ட மக்களும் அரசியற் காதல் நகைச்சுவைப் படங்களும்

தேர்தல், நகராட்சி, அரண்மனை, அமைச்சு ஆகியவற்றைக் களமாகக் கொண்டு, காதலும் சிரிப்பும் கலந்து கதைசொல்லும் திரைப்படங்கள் தமிழ் மக்களிடையே பெற்றுள்ள செல்வாக்கு எமது ஆய்வாளரின் கவனத்தைப் போதியளவு பெறவில்லை. இத்தகைய படங்களைப் ‘பொழுதுபோக்கு’ என்று கூறி ஒதுக்குவது ஒரு மரபு. ‘மயக்கமருந்து’ என்று கூறி ஒதுக்குவது இன்னொரு மரபு. பின்னதை எம்முடைய முகாமைச் சேர்ந்தோரே பெரிதும் பேணி வந்துள்ளனர். இரண்டும் ஒரே வினாவைத் தவிர்க்கின்றன: நாட்டின் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம், தேர்தலில் வெல்லும் கதாநாயகனின் காதலை ஏன் அவ்வளவு ஆர்வத்துடன் பார்த்தது? கண்டியையும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளையும் நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகக் குறிப்பிடல் வேண்டும். கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வர்த்தக அடிப்படையிற் பயிரிட்டார். கண்டிக்குப் புகையிரதப் பாதை வந்ததும் அதே ஆண்டிலேயாம். அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கொணரப்பட்ட உழைப்பாளரின் பரம்பரையினர், சர்வசன வாக்குரிமையின் கீழ் நடைபெற்ற 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் பலத்தைக் காட்டினர். இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் தலவாக்கலையில் கவிஞரான சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் இதற்கு அளிக்கப்பட்ட விடையாகும். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வமைப்பின் சார்பில் ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. இடதுசாரிகளுக்குப் பெருந்தோட்டத் தொகுதிகளிலிருந்து கிடைக்கத்தக்க ஆதரவை முளையிலேயே கிள்ளுவதும் இச்சட்டங்களின் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறத்தலாகாது.

1950களிலும் 1960களிலும் தமிழ்நாட்டுத் திரைப்படங்கள் மலையகத்திற்கு வந்தது இந்தச் சூனியத்தினுள்ளேதான். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை, ஹற்றன் ஆகிய நகரங்களின் படமாளிகைகள் சம்பள நாளுக்கும் திருவிழாவுக்கும் அடுத்தபடியாகத் தோட்ட மக்களை நகரத்திற்கு ஈர்த்த இடங்கள். படத்தைக் காணாதவருக்கும் பாட்டை இலங்கை வானொலி கொண்டுசென்றது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒரே நிகழ்ச்சியைக் காணும் முதலாவது இடமாகச் சினிமாக் கொட்டகை அமைந்தது எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டியுள்ளமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. தமிழ்நாட்டிற் சாதிப் பிரிவினையைக் குறித்து அக்கருத்து பெறும் முக்கியத்துவத்தை மலையகத்தில் இன்னொரு பொருளிலும் பெறுகின்றது. லயத்திலிருந்து பிரட்டுக்களத்திற்கும் அங்கிருந்து மலைக்குமாக அசைந்த ஒரு வாழ்க்கையிலே, துரையும் கணக்குப்பிள்ளையும் கங்காணியும் மேற்பார்வை செய்யாத கூட்டம் ஒன்று கூடுவதற்கு இடமேது? கோவிலைத் தவிர்த்தால் கொட்டகைதான்.

எனினும் காதலையும் அதிகாரத்தையும் மோதவிட்டுக் காணும் சுவையைச் சினிமாவே இம்மக்களுக்கு முதன்முதலிற் கற்பித்தது என்று எண்ணுவது தவறாகும். மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தின் கதையை எண்ணிப் பார்க்கலாம். தேவர்கள் தமது ஆட்சிச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வதற்காகக் காமனைச் சிவனிடம் அனுப்புகின்றனர். போகவேண்டாமென்று ரதி தடுக்கின்றாள். கணவன் மனைவியரிடையே தர்க்கம் வளர்கின்றது. காமன் போய் எரிகின்றான், ரதி புலம்புகின்றாள், பின்னர் உயிர்த்தெழல் நிகழ்கின்றது. அரசியற் காரியத்திற்காகக் காதலர் பலியாவதும், தர்க்கத்தினிடையே பகடி புகுவதும், ஈற்றில் கூடிக் களிப்பதும் இக்கூத்திலேயே உள்ளன. கிரேக்க நாடகாசிரியன் மெனாண்டரின் இன்பியல் நாடகங்களில் முதியோரின் தடையைத் தாண்டி இளங்காதலர் இணைய, விருந்துடன் நாடகம் முடியும். பழைய அதிகாரம் தோற்று, புதிய சமூகமொன்று மணப்பந்தலில் உருவாவதாகக் காட்டுவது அவ்வடிவத்தின் உள்ளார்ந்த பண்பாகும். அரசியற் களத்திற் காதல் நகைச்சுவை இலகுவில் வேரூன்றியதற்குக் காரணமும் இதுவே. ஆட்சிமாற்றத்தையும் திருமணத்தையும் ஒரே காட்சியில் முடித்துவைக்க அது வசதியளிக்கின்றது.

எம். ஜி. இராமச்சந்திரன் 1917இல் கண்டிக்கு அண்மையிலுள்ள நாவலப்பிட்டியிற் பிறந்தவர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. மலையக மக்கள் இதனைப் பெருமையுடன் கூறிவந்துள்ளனர். அவர் தாமே இயக்கி இரட்டை வேடத்தில் நடித்த ‘நாடோடி மன்னன்’ 1958இல் வெளிவந்தது. மன்னனைப் போன்ற தோற்றமுடைய ஒரு சாமானியன் அரியணையில் அமர்ந்து, ஏழைகளுக்குச் சாதகமான சட்டங்களை அறிவிக்கின்றான். ஆள்மாறாட்டம் நகைச்சுவையின் மிகப் பழைய உபாயம். இங்கு அது அரசியல் உபாயமாகின்றது. அரசனும் ஆண்டியும் தோற்றத்தில் ஒன்றே எனின், அரசனை அரசனாக்குவது உடையும் இருக்கையுமேயன்றிப் பிறப்பன்று என்பது பெறப்படும். மன்னனின் மனைவியைச் சாமானியன் சகோதரியாகக் கொள்ளும் காட்சியோ இந்தத் துணிவுக்கு உடனடியாக ஒரு வேலியும் போட்டுவிடுகின்றது. அரசு கைமாறலாம், குடும்ப ஒழுக்கம் கைமாறலாகாது என்பது இதன் கருத்துநிலை. இப்படம் வந்து நான்கு ஆண்டுகளில், அதாவது 1962இல், மலையகத்திற் கிளைவிட்டிருந்த இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகத்தை அரசு தடைசெய்தது. கட்சியைத் தடைசெய்ய முடிந்தது. கொட்டகையில் எழுந்த விசிலைத் தடைசெய்ய முடியவில்லை.

எமது நோக்கிற்கு மிகப் பொருத்தமான படம் 1969இல் வெளிவந்த ‘நம் நாடு’ ஆகும். தெலுங்குப் படமொன்றின் தழுவலான இதிற் கதாநாயகன் நகராட்சி அலுவலகத்து எழுத்தர். ஊர்ப் பெரிய மனிதர்களின் ஊழலை எதிர்த்து வேலையிழக்கின்றான், தேர்தலில் நின்று வெல்கின்றான், நகராட்சித் தலைவனாகின்றான், பின்னர் பணக்கார வேடமிட்டு எதிரிகளை அவர்களது பேராசையாலேயே சிக்கவைக்கின்றான். குடிசைப் பகுதியில் வாழும் ஏழைப் பெண்ணாக ஜெயலலிதா வருகின்றார். வெற்றிபெற்று வரும் நாயகனை அவரும் குடிசை மக்களும் ஆடிப்பாடி வரவேற்கும் காட்சியைத் தமிழ்ச் சினிமா இரசிகர் இன்றும் நினைவுகூர்வர். காதற்காட்சியும் வெற்றி ஊர்வலமும் ஒன்றாகிவிடும் இடம் அது. கதாநாயகி காதலனை வரவேற்கின்றாளா, மக்கள் பிரதிநிதியை வரவேற்கின்றாளா என்று பிரித்தறிய முடியாது. பிரித்தறிய முடியாமையிலேயே அக்காட்சியின் கவர்ச்சி தங்கியுள்ளது.

இக்காட்சியைக் கண்டிப் பகுதித் தோட்டத் தொழிலாளி எந்நிலையிற் கண்டார் என்பதை நோக்குவோம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதியைப் பின்னொரு பேச்சுவார்த்தைக்கு ஒத்திவைத்திருந்தது. (1974இல் அவர்களும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர்.) விண்ணப்பப் பத்திரமும் கடவுச்சீட்டும் லயத்துப் பேச்சாயிருந்த காலம் அது. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன். இந்நிலையில் ‘நம் நாடு’ என்ற பெயர்ப்பலகையே அவர்களுக்கு ஒரு வினாவாகும். எந்த நாடு? திரைக்குள்ளேயோ அவ்வினா எழுவதில்லை. அங்கு எழுத்தறிவற்ற குடிசைவாசியும் வாக்களிக்கின்றான். அவன் வாக்கு எண்ணப்படுகின்றது. எண்ணப்பட்ட வாக்கு ஊரை மாற்றுகின்றது. வாக்குரிமை பெற்றவனுக்கு இது மிகையான கற்பனை. வாக்குரிமை பறிக்கப்பட்டவனுக்கோ 1947இல் தன் தந்தை செய்த காரியத்தின் நினைவு. ஆகவே இதனை வெறும் கனவு என்று தள்ளுவது வரலாற்றறிவின்மையாகும்.

இன்னுமொன்று. அப்படத்துக் கதாநாயகனின் பெயர் துரை. தமிழ்நாட்டில் அது சாதாரணப் பெயர். மலைநாட்டிலோ அது தோட்ட முகாமையாளரின் பட்டம். ‘பெரிய துரை’, ‘சின்ன துரை’ என்ற அதிகாரப் படிநிலையின் பெயர். ஏழைப் பெண்ணொருத்தி துரையைக் காதலிப்பதும், துரை குடிசைக்கு வருவதும், துரை ஏழைகளுக்காக வேலையிழப்பதும் தோட்டத்துச் செவிகளில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதைச் சென்னையில் வசனம் எழுதியோர் எண்ணியிருக்க முடியாது. கலைப்படைப்பின் பொருள் அதனை நுகரும் வர்க்கத்தின் வாழ்நிலையாலும் ஆக்கப்படுகின்றது என்ற கோட்பாட்டுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை.

இவ்வளவும் கூறியபின், இப்படங்களின் எல்லையையும் கூறியாகவேண்டும். இவற்றில் வர்க்க முரண்பாடு நல்லவர் தீயவர் முரண்பாடாகக் குறுகுகின்றது. ஊழல் செய்யும் மூவரோ நால்வரோ சிறைசென்றதும் ஊர் சீராகிவிடுகின்றது. மக்கள் திரளாக வருகின்றனர். ஆயின் வரவேற்கவே வருகின்றனர். தொழிற்சங்கம் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை. கண்டி மாவட்டத்தின் சொந்த வரலாறு வேறு. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியான கோவிந்தன் என்னும் தொழிலாளியின் கதையில் ஆள்மாறாட்டமும் இல்லை, ஈற்றில் மணப்பந்தலும் இல்லை. அத்தியாகத்தைப் பாடிய கொட்டகை எதுவுமில்லை. பெண்ணின் நிலையையும் நோக்குக. தேர்தலுக்குமுன் சேரியைத் திரட்டக்கூடியவளாகத் தோன்றும் கதாநாயகி, தேர்தலுக்குப்பின் நாயகனின் துணைவியாக அடங்குகின்றாள். கொழுந்து பறித்து இந்நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டிய பெண்ணுக்கு 1984வரை ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் இருக்கவில்லை என்பதை இதனருகில் வைத்துப் பார்த்தால், திரையின் தாராளம் எங்கு முடிகின்றது என்பது விளங்கும்.

இக்குறை தமிழ்ச் சினிமாவுக்கு மட்டும் உரியதன்று. லூபிட்ஷ் இயக்கிய ‘நினோச்கா’ (1939) சோவியத் பெண் அதிகாரியைப் பாரிஸ் நகரத்துக் காதலாற் ‘திருத்தியது’. அதற்கு ஓராண்டு முன் சோவியத் நாட்டில் அலெக்சாந்திரோவ் இயக்கிய ‘வோல்கா வோல்கா’வோ கடிதம் கொண்டுசெல்லும் பெண்ணின் பாட்டையும் காதலையும் கொண்டு ஓர் அதிகாரியின் அகந்தையைக் கேலிசெய்தது. அரசியற் காதல் நகைச்சுவை எவ்வர்க்கத்திற்கும் இயல்பாகவே உரியதன்று என்பதற்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தலே போதும். 2003இல் வந்த ‘லவ் ஆக்சுவலி’ என்னும் ஆங்கிலப் படத்தில், பிரித்தானியப் பிரதமர் தமது இல்லத்திலே தமக்குத் தேநீர் கொண்டுவரும் பணிப்பெண்ணைக் காதலிக்கின்றார். உலகெங்கும் இரசிகர் நெகிழ்ந்தனர். அந்தக் கிண்ணத்துத் தேநீர் எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்பது நகைச்சுவையைக் கெடுப்பதாகுமோ என்னவோ, பேராதனையிலிருந்து ஹந்தானை மலையைப் பார்த்தபடி எழுதும் எமக்குக் கேட்காமலிருக்க முடியவில்லை.

பிற்காலத்து ‘முதல்வன்’ (1999) இவ்வடிவத்தின் மாற்றத்தைக் காட்டுகின்றது. அரசாங்க உத்தியோகம் உள்ளவனுக்கே மகளைக் கொடுப்பேன் என்னும் கிராமத்துத் தந்தை, அவன் முதலமைச்சரானதும் அரசியல் ஆபத்தென்று மறுக்கின்றார். ‘நம் நாடு’ காதலையும் பதவியையும் இணைத்தது. இது பதவியைக் காதலுக்குத் தடையாக்குகின்றது. ‘எல்.கே.ஜி’ (2019) வரும்போதோ தேர்தல் விளம்பரத் தொழிலாகிவிட்டது. நாயகனின் அருகில் நிற்பவள் குடிசைப் பெண்ணல்லள், ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்தவள். நம்பிக்கை வற்றிய இடத்தைக் கேலி நிரப்புகின்றது.

மலையகமே இத்துறையிற் செய்த முயற்சியைப் பற்றிக் கூறாதுவிடின் எமது ஆய்வு குறையுடையதாகும். தொழிற்சங்கத் தலைவரான வீ. பி. கணேசன் ‘புதிய காற்று’ (1975), ‘நான் உங்கள் தோழன்’ (1978), ‘நாடு போற்ற வாழ்க’ (1981) ஆகிய படங்களைத் தயாரித்து நடித்தார். முதலாவது படத்தின் எழுத்தாக்கத்தில் தெளிவத்தை ஜோசப்பின் பங்குண்டு. தொழிற்சங்க மேடையிற் பேசியவரே திரையில் நாயகனாகத் தோன்றியமை தமிழ்நாட்டுப் பாணியின் எதிரொலி என்று கூறுவோருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அங்கு நடிகர் தலைவரானார். இங்கு தலைவர் நடிகரானார். சங்கத்தின் சந்தாப் புத்தகம் முன்னரே இருந்தது, பின்னரே சுவரொட்டி வந்தது. இவ்வேறுபாடு தனி ஆய்வுக்குரியது.

1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியோர் கூடலூர், கோத்தகிரி முதலிய இடங்களிற் குடியேறி மீண்டும் தேயிலையையே பறித்தனர். அங்கு அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்’. இந்தியப் பிரசைகள் என்ற வகையில் வாக்குரிமையும் கிடைத்தது. 1977, 1980, 1984 ஆகிய ஆண்டுகளின் சட்டமன்றத் தேர்தல்களில் அவர்கள் முன் வாக்குக் கேட்டு நின்ற கட்சியின் தலைவர், அவர்கள் விட்டுவந்த மலைநாட்டில் பிறந்த அதே நடிகர். இங்கு எஞ்சியோரின் பிரசாவுரிமை முழுமையாகத் தீர்க்கப்படுவதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. ‘நம் நாடு’ வெளிவந்து அப்போது முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.