விரிச்சியும் நற்சொல்லும்

திருமுதுகுன்றம் எனத் தேவாரம் போற்றும் விருத்தாசலத்தை நினைக்குந்தோறும், மணிமுத்தாற்றில் பொன்னை இட்ட சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாறு அன்பர் நெஞ்சில் எழும். இறைவன் அருளிய பன்னீராயிரம் பொன்னை இவ்வூர் ஆற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் அவர் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுதல்' என்னும் வழக்கும் மக்களிடையே உண்டு. ஓரிடத்தில் இட்ட பொருள் மற்றோரிடத்தில் கைக்கு எட்டுவது பொன்னுக்கு மட்டும் உரிய அற்புதமன்று. சொல்லுக்கும் அஃது உண்டு எனப் பழந்தமிழர் நம்பினர். ஒருவர் தம் காரியத்தின் பொருட்டுச் சொன்ன சொல், அவர் அறியாமலே, அருகில் கவலையோடு நின்ற வேறொருவர்க்கு விடையாக அமைந்துவிடும். அங்ஙனம் எதிர்பார்த்து நின்று கேட்கும் சொல்லுக்கு அவர்கள் இட்ட பெயர் 'விரிச்சி' என்பது.

வருவதை முன்னறிய விரும்பிய தமிழர் பல வழிகளைக் கையாண்டனர். பறவையின் குரலும் போக்கும் கண்டு அறிதல் 'புள்' எனப்பட்டது. முறத்தில் நெல்லையிட்டு எண்ணிக் குறி கூறுதல் 'கட்டு' எனவும், கழற்சிக்காய் கொண்டு அறிதல் 'கழங்கு' எனவும் வழங்கின. கண் துடித்தல் முதலாகத் தாமே தோன்றும் குறிகள் 'நிமித்தம்' எனப்பட்டன. இவற்றுள் விரிச்சி தனித்தன்மை வாய்ந்தது. கட்டும் கழங்கும் பார்ப்பதற்கு அத்தொழிலில் தேர்ந்தார் வேண்டும். விரிச்சிக்கோ குறி சொல்வார் எவரும் வேண்டுவதில்லை. சொல்பவர்க்குத் தாம் குறி சொல்கிறோம் என்பதே தெரியாது. தெரிந்து சொன்னால் அது விரிச்சி ஆகாது. அசரீரி என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. அசரீரி உடலில்லாத வாக்கு. விரிச்சி, உடலும் உழைப்பும் உடைய மனிதரின் அன்றாடப் பேச்சு.

குறியை உணர்த்தும் சொற்களின் வரலாறு சுவை மிக்கது. புள் என்பது பறவை. பறவையைக் கொண்டு பலன் அறிந்தமையால் அச்சொல்லே குறி என்னும் பொருளையும் பெற்றது. வடமொழியில் 'சகுனம்' என்பதற்கும் பறவை என்பதே முதற்பொருள். கிரேக்கத்தில் பறவையைக் குறிக்கும் 'ஓர்னிஸ்' என்ற சொல் குறியையும் சுட்டியது. இலத்தீன் மொழியில் நற்குறிக்கு வழங்கிய 'ஆஸ்பிசியம்' என்பதும் பறவை நோக்குதல் என்னும் பொருளதே. நான்கு மொழியினரும் வானத்தைப் பார்த்தே குறியறியத் தொடங்கினர் என்பது இதனால் விளங்கும். தமிழரோ மேலும் ஓர் அடி வைத்தனர். மனிதர் வாயிலிருந்து வரும் நற்சொல்லை 'வாய்ப்புள்' என்றனர். வாயாகிய கூட்டினின்று சொல்லாகிய பறவை எழுந்து செல்கிறது. எங்கே சென்று தங்கும் என்பதை விடுத்தவர் அறியார் என்பது அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

விரிச்சி கேட்கும் முறையை விளக்கமாகக் காட்டுவது பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய 103 அடிகளையுடையது அந்நூல். அரசன் போர்மேற் சென்றிருக்கிறான். கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. அரசி வருந்துகிறாள். மழை பெய்த மாலைப்பொழுதில் முதிய பெண்டிர் சிலர் காவலமைந்த ஊரின் புறத்தே செல்கின்றனர். நெல்லையும் அப்போது மலர்ந்த முல்லையையும் தூவித் தெய்வத்தைத் தொழுது, செவி சாய்த்து நிற்கின்றனர். அருகில் ஓர் ஆயர் மகள், கயிற்றில் கட்டிய இளங்கன்று தாயைக் காணாது துன்புறுவதைக் காண்கிறாள். குளிரால் நடுங்கித் தோள்மேல் கைகளைக் கட்டியவளாய், "உன் தாயர் இப்போதே வந்துவிடுவர், கோவலர் பின்னின்று ஓட்டி வருகின்றனர்" என்னும் கருத்துப்பட அக்கன்றைத் தேற்றுகிறாள். அவள் அரசியை அறியாள், போரை அறியாள், தன் கன்றின் பசியையே அறிவாள். முதிய பெண்டிரோ அச்சொல்லைத் தலைமேற் கொண்டு, "நற்சொல் கேட்டோம், தலைவன் வருதல் உறுதி" என்று அரண்மனைக்கு விரைகின்றனர். மாடு மேய்ப்பார் குலத்துச் சிறுமியின் பேச்சு அரசமாதேவிக்கு ஆறுதல் மொழியாகச் சென்று சேர்கிறது.

இவ்வழக்கம் மகளிர்க்கு மட்டும் உரியதன்று. தொல்காப்பியம் புறத்திணையியலில், வெட்சித்திணையின் பதினான்கு துறைகளுள் இரண்டாவதாக விரிச்சி வைக்கப்பட்டுள்ளது. ஆநிரை கொள்ளச் செல்லும் மறவர், இடைவழியில் உள்ள பாக்கத்தில் தங்கி நற்சொல் கேட்டு நிற்பர். படை புறப்படும் ஆரவாரத்தை அடுத்து, அமைதியாய் நின்று கேட்கும் இத்துறை வருவது எண்ணத்தக்கது. நற்றிணையின் 40-ஆம் பாட்டு, மகப்பேறு நிகழ்ந்த மனையில் மகளிர் விரிச்சி நிற்பதைக் காட்டுகிறது. போர், பிரிவு, பிறப்பு என மனிதன் தன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன் முன் நிற்கும் மூன்றிடத்தும் இவ்வழக்கம் இருந்தது.

எனினும், சங்கச் சான்றோர் விரிச்சியைப் பொய்யாத வாக்காகப் பாடினார் அல்லர். முல்லைப்பாட்டின் அரசி, முதுபெண்டிர் கூறிய நற்சொல்லைக் கேட்டபின்னும் தேறவில்லை. அவள் கண்ணீர் நிற்கவில்லை. அரசனின் வெற்றிக் கொம்பொலி காதில் விழுந்தபோதுதான் துயர் தீர்ந்தது. புறநானூற்றின் 280-ஆம் பாட்டு இதனினும் கடுமையானது. மாறோக்கத்து நப்பசலையார் பாடிய அப்பாட்டில், மார்பில் புண்பட்டுக் கிடக்கும் கணவன் அருகே மனைவி இருக்கிறாள். விளக்கு நில்லாமல் அவிகிறது, கூகை அலறுகிறது, நெல்லும் நீரும் தூவி விரிச்சி கேட்கும் முதியவள் கொண்டுவந்த சொல்லும் நன்றாக அமையவில்லை. குறுந்தொகையின் 218-ஆம் பாட்டிலோ தலைவி, தெய்வத்திற்கு நேர்த்திக்கடன் பூணுதல், கையில் நூல் கட்டுதல், புள் பார்த்தல், விரிச்சி நிற்றல் ஆகிய எதனையும் தான் செய்வதில்லை என்று தோழியிடம் கூறுகிறாள். தன்னை மறந்திருக்க வல்லார் பொருட்டு இவையெல்லாம் எதற்கு என்பது அவள் மனக்கசப்பு. நம்பியோரும் நம்பாதோரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனர். இரு சாராரையும் ஒரே தொகை மரபு காத்து வைத்தது.

பிற நாட்டிலும் இதனை ஒத்தன உண்டு. வடமொழியில் 'உபசுருதி' என்பது பிறர் பேச்சைக் கேட்டு அறியும் குறிக்கும், அதற்குரிய தேவிக்கும் பெயர். மகாபாரதத்து உத்தியோக பருவத்தில், மறைந்துபோன இந்திரனைத் தேடும் இந்திராணி அத்தேவியை வழிபட்டே அவன் இருக்கும் இடத்தை அறிகிறாள். கிரேக்கக் காவியமாகிய ஒடிசியில், மாற்றார் நிறைந்த தன் மனையில் மறைந்திருக்கும் ஒடிசியஸ், நற்சொல் ஒன்று வேண்டித் தெய்வத்தைத் தொழுகிறான். அப்போது, மற்றவர் வேலை முடித்து உறங்கியபின்னும் மாவரைத்துக்கொண்டிருந்த ஏழைப் பணிப்பெண் ஒருத்தி, "இம்மாற்றார் உண்ணும் கடைசி விருந்து இதுவாகுக" என்று தன் களைப்பால் வேண்டிக்கொள்கிறாள். அதுவே அவனுக்கு விடையாயிற்று. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌசானியாஸ் என்னும் பயணி, கிரேக்க நாட்டு ஃபாராய் என்ற ஊர்ச் சந்தையில் இருந்த எர்மிஸ் தெய்வத்தைப் பற்றி எழுதுகிறார். மாலையில் தூபமிட்டு விளக்கேற்றித் தெய்வத்தின் காதில் வினாவைச் சொல்லி, தம் காதுகளைப் பொத்திக்கொண்டு சந்தையைக் கடந்து, கையை எடுத்தவுடன் கேட்கும் முதற்சொல்லை விடையாகக் கொள்வர். ஆயர் மகள், மாவரைப்பவள், சந்தைக்கு வந்தவர் என எளியோர் வாக்கே எங்கும் தெய்வ வாக்காகக் கொள்ளப்பட்டது நினைவிற் கொள்ளத்தக்கது.

விரிச்சி என்ற சொல் காலப்போக்கில் பேச்சு வழக்கினின்று மறைந்தது. ஏட்டிலும் உரையிலும் தங்கியது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டையும், 1894-இல் புறநானூற்றையும், 1937-இல் குறுந்தொகையையும் பதிப்பித்தபின் அது மீண்டும் கற்றோர் கைக்கு வந்தது. சொல் மறைந்தாலும் பொருள் மறையவில்லை. ஒருவர் இயல்பாய்ச் சொன்னது பின்னர் நிகழ்ந்தால், 'உங்கள் வாய்முகூர்த்தம் பலித்தது' என்று இன்றும் கூறுவர். ஒரு காரியத்தைப் பேசும்போது கோயில் மணி ஒலித்தால் நெஞ்சம் குளிர்வர். புறப்படுவோர் 'போகிறேன்' என்னாது 'போய்வருகிறேன்' என்பர். இலக்கணமும் இதற்கு இடம் தந்தது. நன்னூல் தகுதி வழக்கின் வகையாக 'மங்கலம்' என்பதைக் கூறுகிறது. ஓலையைத் திருமுகம் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் அதன்பாற்படும். கேட்பவர் எந்த நிலையில் நிற்கிறாரோ என்னும் அச்சமும் அன்புமே இவ்வழக்குகளின் வேர்.

இனி, இவ்வரலாற்றில் வருந்தத்தக்க ஒரு பகுதியும் உண்டு. பழைய விரிச்சி, குறியைச் சொல்லில் தேடியது; சொன்னவர் யார் என்று நோக்கவில்லை. பிற்காலச் சகுன நம்பிக்கையோ சொல்லை விட்டு ஆளைப் பற்றியது. கணவனை இழந்தவர் எதிரே வருதல் தீது என்றும், இன்ன தொழிலார் எதிர்ப்படுதல் ஆகாது என்றும் கூறி, மனிதரையே தீக்குறி ஆக்கியது. தம் பிள்ளையின் திருமணத்தையே கதவின் பின் நின்று காணும்படி எத்தனையோ தாய்மார் விலக்கப்பட்டனர். முதிய பெண்டிரை முன்னிறுத்தி நற்சொல் கேட்டுவரச் செய்த நாட்டில், ஆயர் மகளின் பேச்சை அரசி செவிமடுத்த நாட்டில், இந்நிலை நேர்ந்தது பழமரபின் வளர்ச்சியன்று; அதன் தேய்வே ஆகும்.

அடியார் நெறி இத்தகைய அச்சத்திற்கு இடங்கொடுக்கவில்லை. பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று, திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் நன்றாக இல்லை என்று திருநாவுக்கரசர் தடுத்தார். இறைவனை உள்ளத்தில் கொண்ட அடியார்க்கு எல்லாம் நல்லனவே என்று சம்பந்தர் கோளறு பதிகம் பாடிச் சென்றார். அங்கும் தீக்குறியை மாற்றியது நற்சொல்லே.

சொல்லின் ஆற்றலை விருத்தாசலத்து மக்கள் வேறொரு வரலாற்றாலும் அறிவர். சிதம்பரம் நோக்கிச் சென்ற குருநமசிவாயர் இவ்வூரில் தங்கிப் பசியால் வாடி, பெரியநாயகியைக் கிழத்தி எனப் பாடி உணவு வேண்டினார். அம்மை முதியவளாய்த் தோன்றி, "கிழவி சோறு கொண்டுவருவது எங்ஙனம்?" என்றாள். அவர் இளையவளாகப் பாட, அம்மை இளமைக்கோலத்துடன் வந்து அமுதளித்தாள் என்பர். அழைத்த சொல்லே காட்சியாயிற்று. இந்நகரின் பீங்கான் தொழிலாளரைக் கேட்டாலும் இதனை ஒத்த ஒன்றைக் கூறுவர்: சூளையினின்று எடுத்த கலத்தைத் தட்டினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஓசை காட்டிவிடும். மனத்தின் நலமும் பழுதும் அவ்வாறே சொல்லில் வெளிப்படும்.

குடமுழுக்கின் தொடக்கத்தில் செய்யப்படும் புண்ணியாகவாசனம் என்பதன் பொருள், 'இது நன்னாள் எனச் சொல்லுதல்' என்பதே. நாளைக் கணித்து நல்வேளை குறித்தபின்னும், கூடியிருப்போர் வாயால் நன்று என்று கேட்டே சடங்கு தொடங்குகிறது. கணித்த நாளுக்கும் மனிதர் வாழ்த்து வேண்டியிருக்கிறது. இக்கூட்டத்தில் மகப்பேற்றிற்கு ஏங்குவோர் இருப்பர். நோயாளியை வீட்டில் விட்டு வந்தோர் இருப்பர். கடல்கடந்த மகனின் செய்திக்குக் காத்திருப்போர் இருப்பர். அவர்கள் எல்லாரும் அந்த முதுபெண்டிரைப்போல் செவி சாய்த்தே நிற்கின்றனர். பக்கத்தில் நிற்பவர் தம் குழந்தையிடம் கூறும் ஒரு சொல், அவர்களுள் ஒருவர்க்கு விடையாகலாம். ஆதலின், விரிச்சி கேட்டு நிற்பதைக் காட்டிலும், பிறர் கேட்கும் விரிச்சியாகத் தம் சொல்லை அமைத்துக்கொள்வதே மேலான வழிபாடு. பழமலைநாதர் திருமுன் கூடும் அன்பர் அனைவர் வாயிலும் நற்சொல்லே விளைக; எவரும் எவர்க்கும் தீக்குறி ஆகாதிருப்பாராக.