வலைப்பாலத் தீச்சுவரில் திசை: பாசிக்குடா விடுதியொன்றின் மாதிரியை முன்வைத்து

2009இல் போர் முடிந்த பின் இலங்கையின் பாசிக்குடாக் கரையோரம் சுற்றுலா விடுதிகள் வரிசையாக எழுந்தன. அப்படியொரு விடுதியைக் கற்பனை மாதிரியாகக் கொள்வோம். விருந்தினரின் வைஃபை, கடவுச்சீட்டு விவரம் பதியும் வரவேற்பறைக் கணினி, கமராப் பதிவுக் கருவி எல்லாம் ஒரே முகவரித் தொடரில் கிடக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதை இப்படியே விட்டுவைப்பது சரியல்ல. எந்த முகவரியையும் மாற்றாமல் நடுவே செருகக்கூடியது வலைப்பாலத் தீச்சுவர். ரவுட்டருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என அதற்கு மூன்று போர்ட்டுகள். அலுவலகக் கணினி வைஃபை கருவிகளை எட்டலாம். விருந்தினர் பக்கத்திலிருந்து எவரும் அலுவலகத்தை எட்டக்கூடாது. இந்த விதியில் திசையை எதைக்கொண்டு அறிவது? பொதி நுழைந்த போர்ட்டே முதற்சான்று, முகவரியும் இணைப்பு நிலையும் அதற்குப் பின்னரே என்பது என் வாதம்.

ரவுட்டரில் இந்தச் சிக்கல் குறைவு. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி முகவரித் தொடர் இருப்பதால், தவறான பக்கத்திலிருந்து வரும் முகவரியை மறித்துவிடலாம். 2000ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 2827 இணைய நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்தது இதையே. பாலத்திலோ எல்லாப் பக்கங்களிலும் தொடர் ஒன்றே. வரவேற்பறைக் கணினியின் முகவரியை ஒரு விருந்தினர் தன் மடிக்கணினிக்கு இட்டுக்கொண்டால், முகவரியை நம்பிய விதி அவரையும் அலுவலகத்தவராகவே எண்ணும்.

மென்பொருளும் இங்கே இடறுகிறது. லினக்ஸில் பாலத்தைக் கடக்கும் பொதியை ஐபிடேபிள்ஸ் என்ற தீச்சுவர்க் கருவி பார்க்கும்போது, நுழைந்த இடமும் வெளியேறும் இடமும் பாலத்தின் ஒரே பெயராகத் தெரிகின்றன, திசை அழிந்துவிடுகிறது. உண்மையான போர்ட்டை மீட்டெடுக்க ஃபிஸ்டெவ் என்ற துணைக்கூறு வேண்டும். 2014இல் வந்த 3.18 கர்னலிலிருந்து, பாலப் பொதிகளை ஐபிடேபிள்ஸுக்கு அனுப்பும் பகுதி தனித் தொகுதியாகப் பிரிக்கப்பட்டது. அத்தொகுதி ஏற்றப்படாவிட்டால் விதிகள் பட்டியலில் அழகாக நிற்கும், ஒரு பொதியையும் தொடாது. பார்வைக்குச் சரியாயிருக்கும் இவ்வகைப் பிழையே எனக்கு மிக ஆபத்தானதாகப் படுகிறது. ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தில் சிக்கல் நேரெதிரானது: நுழையும் போர்ட், பாலம், வெளியேறும் போர்ட் என ஒரே பொதி மூன்று இடங்களில் சோதிக்கப்படலாம். போர்ட்டின் பெயரில்லாத ‘உள்ளே’, ‘வெளியே’ என்ற விதிக்கு அங்கே பொருளே இல்லை.

விருந்தினர் பக்கத்திலிருந்து அலுவலகத்துக்கு வரும் அனைத்தையும் மறித்தால் போதாதா? போதாது. அலுவலகம் வைஃபை கருவியை எட்டுமுன் அதன் வன்பொருள் முகவரியை ஏஆர்பி வழியே கேட்கும். கேள்வி போய்ச் சேரும். பதில் மறிக்கப்பட்ட திசையிலிருந்து வரவேண்டியது. அது வராவிட்டால், அனுமதித்த தொடர்பும் தொடங்காது. பேச்சைத் தொடங்கியவர் யார் என்று நினைவில் வைக்கும் இணைப்புத் தடமறிதல், 2019இன் 5.3 கர்னலில் பாலத்துக்கே உரியதாகச் சேர்க்கப்பட்டது. ஆயினும் அது ஐபி பொதிகளுக்கானது. ஏஆர்பி அதற்குள் அடங்காது. எனவே ஏஆர்பியைப் பொதுவாக அனுமதித்து, விருந்தினர் போர்ட்டில் வரும் ஏஆர்பி பொதி ரவுட்டரின் முகவரியையோ அலுவலகக் கருவிகளின் முகவரியையோ தனதென்று சொன்னால் மட்டும் வீழ்த்த வேண்டும். முகவரி இங்கே சான்றாவது போர்ட்டுடன் சேர்ந்தே.

கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபிக்கு இந்த நினைவே தேவையில்லை. துறை எண் 67இலிருந்து புறப்படும் பதில் ரவுட்டர் போர்ட்டில் மட்டுமே நுழையலாம். ஐபிவி6இல் ரவுட்டர் அறிவிப்புகளுக்கும் இதுவே முறை, 2011இன் ஆர்.எஃப்.சி. 6105 அதைத்தான் விவரிக்கிறது.

வலையமைப்பைப் பிரிக்கும் விலானும் தனி முகவரித் தொடர்களும் போட்டால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் சொல்வது சரிதான். முகவரிகளை மாற்ற இயலுமிடத்தில் நானும் அதையே தேர்வேன். பாலம், மாற்ற முடியாத பழைய கருவிகள் உள்ள இடத்துக்கானது. விருந்தினர் தமக்குள் பேசிக்கொள்வது பாலத்தைக் கடக்காததால் அதை இது தடுக்கவும் தடுக்காது.

இலங்கைச் சூழலில் மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022இல் ஒரே நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. ஒவ்வொரு முறை மின் திரும்பும்போதும் தீச்சுவர் புதிதாக எழும். விதிகளுக்கு முன் பாலம் எழுந்தால் அந்த இடைவெளியில் எல்லாத் திசையும் திறந்திருக்கும். முழுப் பாலத்தையும் நிறுத்திவைத்தால் வைஃபை இல்லையென்று விருந்தினர் முறையிடுவர். ஆகவே ரவுட்டர், விருந்தினர் போர்ட்டுகள் உடனே சேரட்டும்; விதிகள் ஏறியது உறுதியான பின்பே அலுவலகப் போர்ட் பாலத்தில் சேரவேண்டும்.