பொன்மலையில் பிறந்த பழைய எஞ்சின்

மேசைமேல் ரயில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் 87-இல் ஒரு பங்கு என்ற அளவில்தான் எல்லாவற்றையும் சுருக்குகிறார்கள். மீட்டர் கேஜ் தண்டவாளம் அவர்கள் கையில் 12 மில்லிமீட்டர் அகலப் பாதையாகிவிடும். அந்தக் கணக்கை மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதைக்குப் போட்டுப் பார்த்தால், 46 கிலோமீட்டர் தூரம் 529 மீட்டராகச் சுருங்கும்; 1,877 மீட்டர் ஏற்றம் ஏழு மாடி உயரத்துக்குக் குறையாது. எந்த வீட்டிலும் அடங்காது. ஒரு பாலத்தையோ ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் இடத்தையோ மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட வேண்டியதுதான். புனேயில் 1998-இல் திறந்த ஜோஷி அருங்காட்சியகம் போல மாதிரி ரயிலுக்கென்றே பெயர்பெற்ற இடம் ஒன்றும் கொங்குநாட்டில் இல்லையே என்று வருந்துவோர் உண்டு. வருந்தத் தேவையில்லை என்பது என் கட்சி. அந்தப் பொழுதுபோக்கின் குணம் அத்தனையும் இங்கே முழு அளவில், மலைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது தொடக்கத்திலிருந்தே அப்படி இருந்ததல்ல. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் ஊட்டி வரையிலும் பாதை எட்டியபோது அது மலைக்கு ஆளும் சரக்கும் ஏற்றப் போட்ட ரயில், அவ்வளவுதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். சக்கரப் பிடி மட்டும் அங்கே போதாது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்வரிசைகளை, ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக வரும்படி பதித்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். சமதரையில் இரண்டே வேலை செய்யும். பல்பாதையில் ஏறியதும் அவை பயன்படுத்திய அதே நீராவி மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் ஏறும். பிறகு சாலை வந்தது, பஸ் வந்தது. இன்று பஸ் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறும் மலையில் ரயிலுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பயணத் தேவைக்காக மட்டுமே இதை வைத்திருக்கிறார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள், டிக்கெட் விற்கிறார்கள், இது எப்படிப் பொழுதுபோக்காகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் பார்ப்பது நோக்கத்தையும் செய்முறையையும். சுற்றியிருந்த மீட்டர் கேஜ் பாதைகள், போத்தனூர்–பொள்ளாச்சி உட்பட, அகலப் பாதையாகிவிட்டன. இந்த எஞ்சினுக்குக் கடையில் உதிரி பாகம் கிடைக்காது. வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்துகொள்ள வேண்டும். மேசை ரயில்காரர் செய்வதும் இதுவே. வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் நூற்றில் ஒரு பங்கு சுருங்கும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்குப் பெரிதாக மரத்தில் பேட்டர்ன் செதுக்கும் கோவை பவுண்டரித் தொழிலாளிக்கும் இந்தப் புத்தி புதிதல்ல. பராமரிப்பும் அப்படியே. மேசையில் தண்டவாளத்தில் அழுக்குப் படிந்தால் மின்சாரம் தடைபட்டு வண்டி திக்கித் திக்கி நிற்கும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மலையில் வடகிழக்குப் பருவமழை தோறும் மண்சரிவைக் கல் கல்லாக அகற்ற வேண்டும். போட்டு முடித்த பாதை என்று இரண்டு இடத்திலும் ஒன்று கிடையாது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சித்தரஞ்சன் ஆலை 1972-இல் நீராவி எஞ்சின் செய்வதை நிறுத்தியது. அதற்கு ஏறக்குறைய 40 ஆண்டு கழித்து, 2011-இல், திருச்சி பொன்மலைப் பணிமனை இந்தப் பாதைக்காகப் புதிதாக ஒரு எக்ஸ் எஞ்சினைச் செய்தது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதையில் நேற்றுச் செய்த நகல் ஓடலாமா என்பதே கேள்வி. ஓடலாம். நூறாண்டு ஓடிய எஞ்சினில் வந்த நாளின் இரும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கும்? மரபு அந்த இரும்பில் இல்லை, அதைச் செய்யத் தெரிந்த கையில் இருக்கிறது. என் மனக்குறை வேறு: அந்த முதல் எஞ்சின் எண்ணெயில் எரிந்தது. வடிவம் பழையது, அடுப்பு புதியது. 2021-இல் பொன்மலையே நிலக்கரி எஞ்சின் ஒன்றைச் செய்து அனுப்பியபோதுதான் நகல் முழுமையானது.

ரயில்வே இன்னும் ஒன்று செய்யலாம். இந்த எஞ்சினின் வரைபடங்களை எல்லாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கோவையில் அதைப் படித்துச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.